அரிசி, வைக்கோல், காளான்... மூன்றிலும் ஒரே சர்க்கரைதான்! அப்புறம் ஏன் காளானுக்கு மட்டும் இத்தனை மவுசு?

'காளான் பவுடர்... பாலிசாக்கரைடு நிறைந்தது... சக்திவாய்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட்... சுகர், கேன்சர், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வு!'

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் வரவில்லை என்றால், நீங்கள் கொடுத்துவைத்தவர். வந்திருந்தால், சித்தப்பாவோ அத்தையோ அதைப் பார்த்து ஒரு டப்பா ஆர்டர் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. சந்தையில் ஒரு பாக்கெட் காளான் விற்கும் விலையையும், அந்த டப்பாவின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

அந்த விளம்பரம் முழுக்கப் பொய் என்றும் ஒதுக்கிவிட முடியாது. காளானில் பாலிசாக்கரைடு இருப்பது உண்மை. அதை வைத்து ஜப்பானிலிருந்து கோவை வரை ஆராய்ச்சி நடப்பதும் உண்மை. ஆனால், 'பாலிசாக்கரைடு நிறைந்தது' என்ற வரி, நம்மிடம் பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியில்தான் நம் பணமும், சில வீடுகளில் உயிரும் இருக்கிறது.

அந்த மீதியைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். திருத்தணிப் பக்கம் ஒரு நெல் வயலுக்குப் போனால் போதும்.

ஒரே பூ, வேறு வேறு கட்டு

திருத்தணி என்றதும் முருகனும் 365 படிகளும் ஆடிக் கிருத்திகைக் காவடியும் ஞாபகத்துக்கு வரும். மலையை விட்டு இறங்கி ஆந்திர எல்லைப் பக்கமோ, திருவாலங்காடு பக்கமோ போனால் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும்தான் வாழ்க்கை. நெல் அறுத்ததும் தானியம் ஒரு பக்கம் போகும். வைக்கோல் மாட்டுக்கோ, போருக்கோ போகும். கொஞ்சம் வைக்கோல் காளான் குடிலுக்குப் போனால் அதிலிருந்து காளான் வரும்.

அரிசி, வைக்கோல், காளான். இந்த மூன்றிலும் பெரும் பங்கு பாலிசாக்கரைடுதான். 'பாலி' என்றால் பல, 'சாக்கரைடு' என்றால் சர்க்கரை. பல சர்க்கரைகள் கோத்த சங்கிலி. இன்னும் ஆச்சர்யம் என்னவென்றால், மூன்று சங்கிலிகளிலும் முக்கியமாகக் கோக்கப்பட்டிருப்பது ஒரே சர்க்கரை, குளுக்கோஸ்.

பிறகு எப்படி அரிசி நம் வயிற்றில் கரைகிறது, வைக்கோல் கரைவதில்லை?

கோயில் வாசலில் பூக்கட்டுபவர்களைப் பாருங்கள். ஒரே மல்லிகைதான். நெருக்கிக் கட்டினால் ஒன்று, தளர்த்திக் கட்டினால் ஒன்று, நடுவில் கிளை விட்டுத் தொங்கவிட்டால் இன்னொன்று. சாமிக்குப் போகும் மாலையும் தலையில் வைக்கும் சரமும் ஒரே பூக்கூடையிலிருந்து வந்தவைதான். கட்டும் விதம்தான் வேறு.

குளுக்கோஸும் அப்படித்தான். அதில் ஆறு கார்பன் அணுக்கள் இருக்கின்றன. வேதியியல்காரர்கள் அவற்றுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், அடுத்த குளுக்கோஸின் எந்த எண் கார்பனோடு கைகோக்கிறது என்பது முதல் கேள்வி. அந்தக் கை எந்தத் திசையில் நீள்கிறது என்பது இரண்டாவது கேள்வி. ஒரு திசைக்கு ஆல்ஃபா என்று பெயர், மறு திசைக்கு பீட்டா.

அரிசி ஸ்டார்ச்சில் 1-4 இணைப்பு, ஆல்ஃபா திசை. சங்கிலி ஸ்பிரிங் மாதிரி சுருளும். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ஸைம் அதைச் சுலபமாக வெட்டிவிடும். சோற்றை மெல்ல மெல்ல இனிப்பது அதனால்தான்.

வைக்கோலின் செல்லுலோஸில் அதே 1-4 இணைப்புதான். திசை மட்டும் பீட்டா. இந்த ஒரு மாற்றத்தால் சங்கிலி சுருளாமல் நேராக நீண்டு, விறகுக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிறது. நம் வயிற்றில் உள்ள எந்த என்ஸைமும் அதைத் தொடாது. மாட்டுக்கேகூட அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்து தருகின்றன.

காளான் என்ன செய்கிறது? தன் என்ஸைம்களை வைக்கோல் மேல் சுரந்து, செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைத்து உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அதே குளுக்கோஸை வேறு விதமாகக் கட்டித் தன் செல்சுவரை எழுப்பிக்கொள்கிறது. பெரும்பாலான காளான்களில் அந்தக் கட்டு பீட்டா 1-3. இடையிடையே 1-6 என்று கிளைகள். 'பீட்டா குளுக்கான்' என்று விளம்பரங்களில் வருவது இதுதான்.

ஆக, 'பாலிசாக்கரைடு நிறைந்தது' என்று அரிசி மாவு பாக்கெட்டிலும் தாராளமாக அச்சடிக்கலாம். சட்டப்படிகூட அது பொய் இல்லை!

வங்கத்தில் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்து...

நம் ஊர் சம்பந்தப்பட்ட காளான் ஒன்றைப் பார்ப்போம். பால் காளான். வெள்ளை வெளேரென்று, தடித்த தண்டோடு, கைக்கு நிறைவாக இருக்குமே, அதுதான். இதன் அறிவியல் பெயர் கலோசைபி இண்டிகா. மேற்கு வங்கத்தில் கிடைத்த இந்தக் காளானை 1974-ல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். பெயரிலேயே இந்தியாவைச் சுமக்கும் காளான்.

அங்கே பிறந்தாலும் இதைப் பெரிய அளவில் பண்ணைக்குக் கொண்டுவந்தது தமிழ்நாடுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1990-களில் 'ஏ.பி.கே.2' என்ற ரகத்தை வெளியிட்டது. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டையைக் குறிக்கும் எழுத்துகள். பட்டன் காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும், இல்லையென்றால் ஏ.சி. அறை வேண்டும். பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் சந்தோஷமாக வளரும். கோடை வந்தால் வானிலை அறிக்கையில் அடிக்கடி அடிபடும் பெயர் திருத்தணி. அந்த வெயிலைத் தாங்கி வளரக்கூடிய காளான் எது என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும். வெயில் மட்டும் போதாது, குடிலுக்குள் ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்குக் குறையாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் தலைவலி.

இந்த ஏ.பி.கே.2 ரகம் பிறகு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வங்கத்துக்கே போனது. மேற்கு வங்கம் மிதுனாபூரில் உள்ள வித்யாசாகர் பல்கலைக்கழகத்தில் ஒரு வேதியியல் குழு, உண்ணும் காளான்களின் சர்க்கரைச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்ப்பதையே பல ஆண்டுகளாக வேலையாக வைத்திருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் பால் காளானும் அவர்கள் மேஜைக்கு வந்தது.

அதில் அவர்களுக்கு ஒரே ஒரு சங்கிலி கிடைக்கவில்லை. ஒரு குளுக்கான் 1-4, 1-6 என்று கிளை பிரிந்ததாக இருந்தது. ஏ.பி.கே.2 ரகத்திலிருந்து பிரித்த இன்னொன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட சர்க்கரைகள் கலந்து கோக்கப்பட்டிருந்தன. ஒரே காளான், ஒரே சட்டி. உள்ளே இருப்பதோ வேறு வேறு சங்கிலிகள். ஆகவே 'காளானில் பீட்டா 1-3 இருக்கும்' என்ற பொது விதியைக்கூட ஒவ்வொரு காளானிலும் சோதித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016-ல் தமிழக ஆய்வாளர்கள் இதே ஏ.பி.கே.2-வின் பாலிசாக்கரைடுகளை எடுத்து, அவற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் செயல்பாட்டையும் முதுமையைத் தள்ளிப்போடும் தன்மையையும் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பலன்கள் நம்பிக்கை தருவதாகவே இருந்தன. ஆனால் அது சோதனைக்குழாயிலும் எலிகளிலும் நடந்த ஆய்வு. இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு வரும்போது முதலில் காணாமல் போவது எலிதான்.

ஊதா மஞ்சளாக மாறினால்...

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன? இரும்பு துருப்பிடிக்கிறது. திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை வருகிறது. இரண்டும் ஆக்ஸிஜனோடு நடக்கும் வினைகள். நம் செல்களுக்குள்ளும் மூச்சு விடும் ஒவ்வொரு நொடியும் இப்படிச் சில வினைகள் நடக்கின்றன. அதில் உருவாகும் சில துகள்கள் ஒரு எலெக்ட்ரான் குறைந்து பரபரவென்று அலையும். அவை ஃப்ரீ ராடிக்கல்கள். பக்கத்தில் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ எது இருந்தாலும் அதிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கும். 'இந்தா, என்னிடம் இருந்து எடுத்துக்கொள்' என்று தானே கொடுத்து அதை அடக்கிவிடும் பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கப் பிரபலமான ஒரு முறை, டி.பி.பி.எச். என்ற ஊதா நிறத் திரவம். இதுவும் ஒரு ஃப்ரீ ராடிக்கல்தான். ஆனால் பாட்டிலில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். இதில் காளான் சாற்றைச் சேர்த்தால், சாறு எவ்வளவு தாராளமாகக் கொடுக்கிறதோ அவ்வளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். நிறம் எவ்வளவு குறைந்தது என்று கருவி அளந்து சொல்லும். செலவு குறைவு, அரை மணி நேரத்தில் முடிவு. கல்லூரி புராஜெக்ட்களில் இந்தச் சோதனை அதிகம் நடப்பதற்கு இதுவே காரணம் என்பது என் அனுமானம்.

இந்த ஊதா சோதனையில் எந்தச் சங்கிலி நன்றாக மதிப்பெண் வாங்கும்? இங்கேதான் வடிவம் விளையாடுகிறது.

முதலில் நீளம். குளுக்கோஸ் சங்கிலியில் எலெக்ட்ரான் கொடுக்கத் தயாராக இருக்கும் முக்கியமான இடம் அதன் ஒரு முனை மட்டும்தான். ஆயிரம் மணி கோத்த சங்கிலிக்கும் முனை ஒன்று, நூறு மணி கோத்ததற்கும் முனை ஒன்று. பெரிய சங்கிலியைப் பத்துத் துண்டாக வெட்டினால் பத்து முனை கிடைக்கும். நீரில் கரைவதும் சுலபமாகும். அதனால் பல ஆய்வுகளில் சிறிய சங்கிலிகள் பெரியவற்றை முந்துகின்றன.

அடுத்து, கூட வரும் ஆட்கள். சங்கிலியில் குளுக்கோஸோடு யூரோனிக் அமிலம் என்ற அமிலச் சர்க்கரை கலந்திருந்தால் அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்தால்தான் ஹைட்ராக்ஸில் என்ற மிக மோசமான ராடிக்கல் பிறக்கும். இரும்பைக் கட்டிப்போட்டால் பிறப்பே தடைபடும். ஓடிப்போய் அடக்குவதை விட வாசலிலேயே தடுப்பது நல்லதுதானே?

மூன்றாவது, விளம்பரக்காரர்கள் வாயே திறக்காத விஷயம். காளானை வெந்நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றினால் பாலிசாக்கரைடு வெள்ளையாகத் திரண்டு அடியில் இறங்கும். அப்போது அது தனியாக வருவதில்லை. புரதங்களும் ஃபீனால் வகைப் பொருள்களும் ஒட்டிக்கொண்டே வரும். ஃபீனால்கள் எலெக்ட்ரான் தானம் செய்வதில் கில்லாடிகள். இந்தக் கலவையைச் சோதித்தால் ஊதா சட்டென்று வெளுக்கும். பேர் மட்டும் பாலிசாக்கரைடுக்குப் போகும்! புரதத்தையும் ஃபீனாலையும் கழுவிச் சுத்தமான சங்கிலியை மட்டும் சோதித்தால், பல சமயம் மதிப்பெண் இறங்கிவிடுகிறது. அப்படியானால் வேலை செய்தது யார் என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அதே சோதனையில் வைட்டமின் சி-யையும் வைப்பார்கள். பெரும்பாலும் ஜெயிப்பது வைட்டமின் சி-தான். நெல்லிக்காய்க்காரர்கள் சந்தோஷப்படலாம்.

மூன்று கால் பின்னல்

குட்டிச் சங்கிலி நல்லது என்றால், எல்லாவற்றையும் வெட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் கதை திரும்புகிறது.

1969-ல் ஜப்பானின் கோரோ சிஹாரா குழுவினர் ஷீட்டாக்கே காளானிலிருந்து லென்டினான் என்ற பாலிசாக்கரைடைப் பிரித்து, எலிகளின் கட்டிகள் மேல் அது காட்டிய விளைவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இதன் அமைப்பு துல்லியமாகத் தெரியும். பீட்டா 1-3 முதுகெலும்பில் ஐந்து குளுக்கோஸுக்கு இரண்டு கிளை. தலைவாரி மூன்று கால் எடுத்துப் பின்னுவோமே, அதேபோல் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும். இது நம் நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அதற்கு அந்தப் பெரிய உருவமும் பின்னலும் முக்கியம் என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. கடும் காரத்தில் போட்டால் பின்னல் அவிழ்ந்துவிடும். வெட்டினால் சிறிதாகிவிடும்.

ஊதா சோதனையில் மதிப்பெண் வாங்கச் சங்கிலி சின்னதாக இருந்தால் நல்லது. எதிர்ப்புச் செல்லைத் தட்டி எழுப்பப் பெரிதாக, பின்னலோடு இருந்தால் நல்லது. ஒரே டப்பாவில் இரண்டையும் உச்சத்தில் தருவதாகச் சொன்னால், எப்படி என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. லென்டினானை ஜப்பானில் 1980-களில் இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள் என்பது உண்மை. விளம்பரங்களில் இது தவறாமல் வரும். அனுமதித்தது ஊசி மருந்தாக. அதுவும் கீமோதெரபிக்குத் துணையாக, மருத்துவமனையில். பாலில் கலந்து குடிக்கும் பவுடராக இல்லை. கீமோதெரபியை நிறுத்திவிட்டு எடுத்துக்கொள்ளவும் இல்லை.

வயிற்றுக்குள் போனால்?

காளான் குழம்பு சாப்பிட்டால், அதன் பீட்டா குளுக்கான் ரத்தத்தில் பாய்ந்து ஃப்ரீ ராடிக்கல்களைத் துரத்தித் துரத்தி அடிக்கும் என்று கற்பனை செய்தால் அது சினிமா. வைக்கோலைப் போலவே இதையும் வெட்ட நம்மிடம் என்ஸைம் கிடையாது. இது பெரும்பாலும் முழுசாகப் பெருங்குடல் வரை போகிறது. அங்கே உள்ள நல்ல பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. அவை அதை நொதிக்க வைத்துச் சின்னச் சின்னக் கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடல் செல்களுக்கு அது உணவு.

கூடவே ஒரு பூட்டு-சாவி வேலையும் நடக்கிறது. நம் எதிர்ப்புச் செல்களின் மேல் டெக்டின்-1 என்று ஒரு பூட்டு இருக்கிறது. பீட்டா 1-3 கட்டு அதில் சாவி மாதிரி பொருந்தும் என்பதை 2001-ல் கண்டுபிடித்தார்கள். கிருமிப் பூஞ்சைகளை அடையாளம் காண உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. அரிசியின் ஆல்ஃபா 1-4 அந்தப் பூட்டைத் திறக்காது. சர்க்கரை ஒன்றுதான், கட்டு வேறு. உடம்பு பார்ப்பது கட்டைத்தான்.

அப்படியானால் பாட்டிலில் ஊதா வெளுத்ததற்கும் நம் உடம்புக்கும் எவ்வளவு சம்பந்தம்? அமெரிக்க வேளாண்மைத் துறை ஒரு காலத்தில் எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று பட்டியல் போட்டு இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தித் தள்ளின. 2012-ல் அந்தத் துறையே பட்டியலை எடுத்துவிட்டது. சோதனைக்குழாய் எண்களை வைத்து மனித உடம்பில் பலன் சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

இதைவிடக் கசப்பான பாடம் பின்லாந்தில் கிடைத்தது. 29,000-க்கும் அதிகமான, புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு. பீட்டா கரோட்டின் என்ற புகழ்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக இருந்தது. கேரட் சாப்பிட யாரும் பயப்பட வேண்டாம். உணவில் இருப்பதைப் பிரித்தெடுத்து மாத்திரையாக அழுத்தும்போது அதே குணம் வரும் என்று நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

விதைப் புட்டியும் பவுடர் டப்பாவும்

இனி அந்த டப்பாவுக்கு வருவோம். காளான் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், காளானுக்கு 'வித்து' வேண்டும். சோளத்தை வேகவைத்து, புட்டியிலோ பையிலோ அடைத்து, கிருமி நீக்கி, அதில் காளான் பூசணத்தை வளரவிடுவார்கள். சில நாள்களில் ஒவ்வொரு சோள மணியையும் வெள்ளை நூல் போல் பூசணம் மூடிக்கொள்ளும். அந்த வித்தை வைக்கோல் படுக்கையில் அடுக்கடுக்காகத் தூவினால் பிறகு காளான் முளைக்கும். பால் காளானுக்கு மேலே மண்ணும் போட வேண்டும்.

காளான் முளைக்கும் வரை காத்திருக்காமல், பூசணம் படர்ந்த தானியத்தையே காயவைத்துப் பொடித்தால் என்ன ஆகும்? உலகச் சந்தையில் விற்கும் சில காளான் பவுடர்கள் இப்படித் தயாரிக்கப்படுபவைதான். அதில் பெரும்பங்கு தானிய ஸ்டார்ச்சாக இருக்க வாய்ப்பு உண்டு. லேபிளில் 'பாலிசாக்கரைடு இத்தனை சதவிகிதம்' என்று பெரிதாகப் போட்டிருக்கும். பொய் இல்லை. ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதானே! அதிக விலை கொடுத்து வாங்கியது சோள மாவு என்று தெரிய வரும்போது கோபம் வரும். வாங்கியவர் சர்க்கரை நோயாளி என்றால் கோபத்தோடு விஷயம் முடியாது.

அதனால் லேபிளில் 'பீட்டா குளுக்கான்' அளவு தனியாகப் போட்டிருக்கிறதா, காளான் பழத்திலிருந்து எடுத்ததா, தானியத்தில் வளர்த்த பூசணமா என்று பாருங்கள். இரண்டுமே இல்லாமல் வெறும் 'பாலிசாக்கரைடு' என்றிருந்தால் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

வீட்டில் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அவர்களிடமே ஒரு சோதனையைக் கொடுக்கலாம். பள்ளியில் உருளைக்கிழங்கின் மேல் அயோடின் விட்டுப் பார்த்திருப்பார்களே, அதேதான். பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியதும் ஒரு சொட்டு நீர்த்த டிங்சர் அயோடின். கருநீலமானால் உள்ளே ஸ்டார்ச் இருக்கிறது. காளானுக்கு ஸ்டார்ச் சேமிக்கும் பழக்கமே கிடையாது. அது நம்மைப் போலவும் ஆட்டைப் போலவும் கிளைக்கோஜனாகத்தான் சேமிக்கும். (நிறம் மாறவில்லை என்றால் பவுடர் தரமானது என்று அர்த்தம் ஆகாது. ஸ்டார்ச் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். சோதித்த திரவத்தைக் கொட்டிவிடுங்கள்.)

கிளைக்கோஜன் என்றதும் இன்னொரு பழைய சண்டை ஞாபகம் வருகிறது. காளான் சைவமா, அசைவமா? கிருத்திகை விரதம் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. சில வீடுகளில் சமையலறைக்குள்ளேயே விட மாட்டார்கள். அறிவியல் இதில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்லாது. காளான் செடியும் இல்லை, பிராணியும் இல்லை. அதன் செல்சுவரில் பூச்சிகளின் ஓட்டில் உள்ள கைட்டின் இருக்கிறது, இலையின் பச்சையம் இல்லை. பூஞ்சை என்று அதற்குத் தனி ராஜ்யமே கொடுத்துவிட்டார்கள். விரதத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை வீட்டுப் பெரியவர்களிடமே விட்டுவிடலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கில் இதற்கு 'புட்டகொடுகு' என்று பெயர். புற்றின் குடை என்று அர்த்தம். நம் புற்றுக்காளானுக்கு இதைவிட அழகான பெயர் கிடைக்காது. ஆனால் மழைக்குப் பிறகு புற்றருகே, வரப்போரம் முளைப்பதைப் பறித்துச் சமைக்கும் ஆசை வந்தால், பல தலைமுறையாக அடையாளம் தெரிந்தவர்கள் சொன்னாலொழிய வேண்டாம். விஷக் காளானுக்குச் சமைத்தாலும் விஷம் போகாது.

சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் விளம்பரத் தடைச் சட்டம். எழுபது ஆண்டு பழைய சட்டம். வாட்ஸ்அப் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்கள், காளான் சாறு, கேப்ஸ்யூல் எதையும் டாக்டரிடம் காட்டாமல் தொடக் கூடாது. எதிர்ப்புச் செல்லைத் தட்டி எழுப்பும் என்பது உண்மையானால், மாற்று சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அதுவே ஆபத்தாக முடியலாம்.

சட்டியில் என்ன மிஞ்சுகிறது?

காய்கறிக் கடையில் கிடைக்கும் சாதாரண காளானைச் சமைத்துச் சாப்பிடுவதில் இந்தக் குழப்பம் ஏதும் இல்லை. ஒரு 200 கிராம் பாக்கெட்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி 20 கிராமுக்குள்தான் நாம் இவ்வளவு நேரம் பேசிய எல்லாச் சங்கிலிகளும், புரதமும், நார்ச்சத்தும் அடக்கம். ஆகவே அதிலிருந்து அதிசயங்களை எதிர்பார்க்க வேண்டாம். வாரம் ஓரிரு முறை தட்டில் வரும் நல்ல காய் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சொல்லப்போனால், ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பட்டத்துக்குக் காளானில் நல்ல தகுதி உள்ள வேறொரு பொருள் இருக்கிறது. எர்கோதியோனின். இது பாலிசாக்கரைடு கிடையாது, கந்தகம் உள்ள சின்ன அமினோ அமிலம். இதை உள்ளே இழுத்துக்கொள்ள நம் செல்களில் ஒரு தனி வாசலே இருக்கிறது என்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். நம் உணவில் இது அதிகம் கிடைப்பது காளானிலிருந்துதான். சூட்டையும் தாங்கும். விளம்பரங்களில் இதன் பெயரை அதிகம் பார்க்க முடிவதில்லை. உச்சரிக்கக் கஷ்டம் என்பதாலோ என்னவோ.

இவ்வளவும் தெரிந்த பிறகு அடுப்படியில் மாற்ற வேண்டியது ஒன்றிரண்டுதான். காளானை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு மிளகு வறுவல் செய்யும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆய்வகத்தில் பாலிசாக்கரைடை எடுக்க அவர்கள் செய்வதும் அதே கொதிக்கவைத்தல்தான். நீரில் கரையும் சங்கிலிகளும் எர்கோதியோனினும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். ரசமோ சூப்போ வைத்துவிடுங்கள், அல்லது காளானை நேரடியாக வாணலியில் போட்டு, அது விடும் தண்ணீர் அதிலேயே சுண்டும் வரை வதக்குங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். கைட்டின் உள்ள செல்சுவர் வெந்தால்தான் வயிற்றுக்கு லேசாக இருக்கும். சமைப்பதற்கு முன் நறுக்கி, நடுப்பகல் வெயிலில் கால் மணி, அரை மணி காட்டினால் அதில் உள்ள எர்கோஸ்டெரால் வைட்டமின் டி-யாக மாறும். திருத்தணி வெயிலுக்கு அதற்கெல்லாம் பஞ்சமில்லை.

சிப்பிக் காளானை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். பால் காளான் ஃபிரிட்ஜில் இன்னும் சில நாள் தாங்கும். வளர்த்துப் பார்க்க ஆசை இருப்பவர்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். திருவள்ளூர் மாவட்டத்துக்கான நிலையம் திரூரில் இருக்கிறது. வாசலில் வண்டியில் தட்டு நிறைய மணக்க மணக்கத் தரும் 'ரோட்டுக்கடை காளான்' பற்றித்தான் கேட்க வருகிறீர்கள் என்றால், அதில் பெரும்பாலும் முட்டைக்கோஸும் மைதாவும்தான். அயோடின் விட்டால் கருநீலம் நிச்சயம்!